பாட்டே கத்துக்காதவர் 38 வயசுல சுருதி சேர்ந்து பாட முடியுமா?

மொட்டைமாடி கேட்டது:

வயசு 38, ஆண். முறையா பாட்டு கத்துக்கிட்டதில்லை. கச்சேரி ஆசையெல்லாம் கிடையாது. வீட்டுல, பஜனையில, நாலு பேர் கூடுற இடத்துல பழைய சினிமாப் பாட்டு ஒண்ணு ரெண்டு, கேட்கிறவங்க முகம் சுளிக்காத அளவுக்குப் பாடணும். அவ்வளவுதான்.

இப்ப இருக்கிற கோளாறு இதுதான். பல்லவி ஓரளவு ஒழுங்கா வருது. சரணம் முடியறதுக்குள்ள எங்கேயோ இறங்கிடுது. பாடும்போது தெரியலை, போன்ல பதிவு பண்ணிக் கேட்டாதான் தெரியுது. மேல போற இடத்துல பாட்டு கத்தலா மாறிடுது, மறுநாள் தொண்டை கட்டிக்குது. "சுருதி சேரலை"ன்னு வீட்டுல சொல்றாங்க. எதோட சேரணும்னே எனக்குப் பிடிபடலை.

தினம் அரை மணி ஒதுக்க முடியும். இது சரியாகுமா, இல்ல காதே சரியில்லாத கேஸா? சரியாகும்னா எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

தம்பூராக்கம்பி பதில்:

சார், முதல்ல காது விஷயத்தை முடிச்சுடலாம். ஸ்வரத்தோட ஏற்ற இறக்கத்தையே பிரிச்சுக் கேட்க முடியாதவங்க உண்டு. நூத்துக்கு நாலு பேர்னு முன்னாடி சொன்னாங்க, பின்னால வந்த கணக்கு அதை ஒண்ணரைக்குக் குறைச்சிருக்கு. அவங்களுக்கு, சொல் இல்லாம வெறும் மெட்டை முணுமுணுத்துக் காட்டினா தெரிஞ்ச பாட்டு கூட அடையாளம் தெரியாது. நீங்க உங்க பதிவைக் கேட்டுட்டு "சரணத்துல இறங்கிடுது"ன்னு கண்டுபிடிச்சிருக்கீங்க. அப்ப காதுல கோளாறு இல்லை. காது கேட்டதைத் தொண்டை செய்யலை, அவ்வளவுதான். அது பழக்கத்துல வர்ற வேலை.

எதோட சேரணும்? ஒரு ஆதார ஸ்வரத்தோட, அதாவது ஸா-வோட. நாம பாடுற மத்த எல்லா ஸ்வரமும் அந்த ஸா-வுலேருந்து இவ்வளவு தூரம்னு வெச்ச அளவு. அந்த ஸா காதுல விழுந்துக்கிட்டே இருந்தாதான் தூரம் சரியா இருக்கான்னு தெரியும். அதுக்குத்தான் தம்பூரா. தனியா நின்னு பாடும்போது அது இல்லை. மூச்சு தீரத் தீர அழுத்தம் குறையும், அழுத்தம் குறைஞ்சா ஸ்வரம் இறங்கும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நூல் இறங்கினாலும் சரணம் முடியும்போது அரைக்கட்டை, அதாவது கீபோர்டுல ஒரு கீ அளவு, போயிருக்கும். ஒப்பிட எதுவும் இல்லாததால பாடுறவருக்குத் தெரியாது.

அதனால முதல் வேலை சுருதிப் பெட்டி. ரேடல் கம்பெனியோடது மாதிரி எலக்ட்ரானிக் தம்பூரா இருந்தா நல்லது, இல்லேன்னா போன்ல இலவச ஆப் போதும். ஆனா போன் ஸ்பீக்கர்ல கீழ் ஸ்வரம் கேட்காது, ஒரு சின்ன ஸ்பீக்கர்ல போட்டு ரெண்டு அடி தள்ளி வையுங்க. இயர்போன் வேண்டாம், காரணம் கீழே சொல்றேன்.

அடுத்தது உங்க கட்டை எதுன்னு கண்டுபிடிக்கணும். இதுலதான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. பாடகர் பாடின சுருதியிலேயே பாடணும்னு பிடிவாதம் பிடிச்சா மேல கத்தல்தான். கட்டைன்னா ஆர்மோனியத்தோட கட்டைதான்: வெள்ளைக்கட்டை 1, 2, 3, 4, 5, 6, 7. நடுவுல கறுப்பு 1½, 2½, 4½, 5½, 6½. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல கறுப்பு இல்லை, அதனால மூணரைக் கட்டைன்னு ஒண்ணு கிடையாது. கீபோர்டு ஆப் ஒண்ணைத் திறந்து, "ஆ"ன்னு கீழே இறங்கிட்டே போங்க. கரகரன்னு உறுமுற இடம் கணக்கில்லை. காத்து கலக்காம தெளிவா நிக்கிற கடைசி ஸ்வரம் எதுன்னு பாருங்க. அது உங்க கீழ்ப் பஞ்சமம், அதாவது கீழ் பா. அங்கேருந்து கறுப்பு வெள்ளை எல்லாத்தையும் சேர்த்து அஞ்சு கட்டை மேல எண்ணுங்க, அதுதான் உங்க ஸா. உதாரணமா கீழே 5 கட்டை வரைக்கும் தெளிவா போச்சுன்னா: 5½, 6, 6½, 7, 1. அப்ப உங்க சுருதி 1 கட்டை. மேல்ஸ்தாயி காந்தாரம், அதாவது மேல் ஸா-வைத் தாண்டி வர்ற க, வரைக்கும் கழுத்து நரம்பு புடைக்காம போகுதான்னும் பாருங்க. போகலைன்னா அரைக்கட்டை இறக்கிக்கலாம், தப்பில்லை.

இப்ப சேர்றது. சுருதியைப் போட்டு ஒரு நிமிஷம் சும்மா கேளுங்க, பாடாதீங்க. அப்புறம் ஸா-வுக்குக் கொஞ்சம் கீழேருந்து "ஆ"ன்னு மெதுவா மேல இழுத்துட்டு வாங்க. கிட்ட வரும்போது ரெண்டு சத்தமும் மோதி வவ்-வவ்-வவ்னு ஒரு அலை அடிக்கும். 1 கட்டை ஸா வினாடிக்குச் சுமார் 131 அதிர்வு. நீங்க 128-ல நின்னா வினாடிக்கு மூணு அலை. இன்னும் ஏத்த ஏத்த அலை மெதுவாகி, ஒரு இடத்துல நின்னு போகும். அப்ப உங்க குரல் தனியா கேட்காது, பெட்டிக்குள்ள போய் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதுதான் சேர்றது. ஸ்பீக்கர்ல போடச் சொன்னது இதுக்குத்தான். காதை அடைச்சு உள்ளே சத்தத்தை ஊத்தினா இந்த மோதலும் கேட்காது, உங்க குரலும் சரியா கேட்காது.

முதல் பத்து நாள் இது மட்டும் போதும். ஒரு மூச்சுக்கு ஒரு ஸா, 8 முதல் 10 வினாடி கார்வை (ஆடாம நீட்டி நிக்கிறது), அப்படி இருபது தடவை. அப்புறம் பா, அப்புறம் மேல் ஸா. இந்த மூணும் ஆடாம நின்னாதான் நடுவுல இருக்கிறதைத் தொடணும். ஆர்மோனியத்தோட சேர முடியாம திணறுறவங்க இன்னொரு ஆண் குரலோட சுலபமா சேருவாங்க, தன் குரலையே பதிவு பண்ணிப் போட்டா இன்னும் சுலபம். பெண் குரலைக் கேட்டுப் பாடாதீங்க. ஒரு ஸ்தாயி மேலயா கீழயான்னு குழப்பம் வரும்.

அஞ்சாம்கட்டை பதில்:

எஸ்.பி.பி. யார்கிட்டயும் சாஸ்திரீயமா கத்துக்கலை. தேசிய விருது வாங்கலையா? இதெல்லாம் பிறவியில வரணும் சார். கர்நாடக சங்கீதத்தோட ஆரம்பப் பாடமான சரளி வரிசை பாடினா சரளி வரிசைதான் வரும், பாட்டு வராது.

தம்பூராக்கம்பி பதில்:

அவரை உதாரணம் காட்டுறது எப்பவும் நடக்கிறதுதான், ஆனா அது உங்க கட்சிக்கு எதிரா போகுது. அப்பா ஹரிகதை சொல்றவர், பிறந்ததுலேருந்து காதுல பாட்டு. அப்புறம் வருஷக்கணக்கா தினம் ஸ்டூடியோவுல, இசையமைப்பாளர் சொல்லிக்கொடுக்கிற மெட்டை அங்கேயே பிடிச்சு, சரியில்லைன்னா மறுபடி பாடி, மறுபடி பாடி... குருகுலத்துலகூட அவ்வளவு மணி நேரம் கிடைக்காது. பாடம் படிக்காததும் பயிற்சி இல்லாததும் ஒண்ணில்லை. அந்தக் குரலோட இனிமை பிறவி, ஒத்துக்கிறேன். கேள்வி கேட்டவர் அதைக் கேட்கலை.

சரளி வரிசை பாடினா பாட்டு வராதுங்கிறதுல கால்வாசி உண்மை இருக்கு. பாட்டையும் கூடவே பாடணும்.

குரல்நாண் பதில்:

மேலே போகும்போது கத்தலாவதற்கும் மறுநாள் தொண்டை கட்டுவதற்கும் காரணம் ஒன்றுதான். கீழ் ஸ்வரங்களில் குரல் நாண்கள் தடித்துக் குறுகி அதிரும். மேலே போகப் போக அவை நீண்டு மெலிய வேண்டும். பழக்கமில்லாதவர்கள் தடிப்பை விடாமல், காற்றை மட்டும் கூட்டித் தள்ளி மேலே ஏற்றப் பார்ப்பார்கள். நாண்கள் ஒன்றோடொன்று பலமாக அடித்துக்கொள்ளும், வீங்கும். ஆண்களுக்கு 1 கட்டை சுருதி என்றால் மேல் ஸா-வைத் தாண்டி ரி, க, ம வரும் இடத்தில் இது நடக்கும்.

இதற்கு எளிய மருந்து ஸ்ட்ரா. சாதாரண ஜூஸ் ஸ்ட்ரா போதும். டம்ளரில் பாதி தண்ணீர் வைத்து, ஸ்ட்ராவின் நுனி தண்ணீருக்குள் 2 சென்டிமீட்டர் இருக்கும்படி பிடியுங்கள். உதட்டை இறுக்கி மூடி, "ஊ" என்று குரல் கொடுத்தபடி குமிழி விடுங்கள். முதலில் ஒரே ஸ்வரத்தில். பிறகு கீழிருந்து மேலே வழுக்கி, மறுபடி கீழே. குமிழி ஒரே சீராக வர வேண்டும். நடுவில் நின்றால் அந்த இடத்தில் தொண்டை இறுகுகிறது என்று அர்த்தம். கன்னம் உப்பக் கூடாது. மூக்கைப் பிடித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் காற்று மூக்கு வழியாகக் கசிகிறது. மூன்று நிமிடம், பாடுவதற்கு முன் ஒரு முறை, பாடி முடித்த பின் ஒரு முறை. வாய் முனையில் வழி குறுகுவதால் நாண்களுக்கு மேலே ஒரு எதிர் அழுத்தம் உண்டாகி, அவை மெல்லத் தொட்டு அதிரும். சத்தத்தைக் கூட்டாமல் மேலே போக முடியும் என்பதைத் தொண்டை அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

மூச்சு: நிமிர்ந்து உட்கார்ந்து, கீழ் விலா எலும்பில் இரண்டு கைகளையும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிழுக்கும்போது கைகள் விலக வேண்டும், தோள் ஏறக் கூடாது. பிறகு "ஸ்ஸ்ஸ்" என்று ஒரே அளவில் விடுங்கள். 15 வினாடியில் தொடங்கி 25 வரை போனால் சினிமாப் பாட்டுக்கு தாராளம். நேரத்தை விட சீர்தான் முக்கியம். ஆரம்பத்தில் புஸ் என்று போய் கடைசியில் இழுத்துப் பறிக்கிற 30 வினாடியால் பயன் இல்லை.

பனங்கற்கண்டு, மிளகு, தேன் பற்றி யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். விழுங்கும் எதுவும் குரல் நாணில் படாது. பட்டால் புரையேறும். தொண்டைக்கு இதமாக இருக்கும், அதோடு சரி. அதிமதுரத்தை நாள்தோறும் மெல்லுவது இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. நாணுக்கு ஈரம் வேண்டுமென்றால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், தேவைப்பட்டால் வெறும் ஆவி. இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் மேலேறி காலையில் குரல் கரகரக்கும். பலருக்கு "தொண்டை சரியில்லை" என்பதன் மூலம் இதுதான். அடிக்கடி கனைப்பதை நிறுத்துங்கள், அதற்குப் பதில் ஒரு மிடறு தண்ணீர். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் பயிற்சியை விட்டுவிட்டு காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய் நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தம்பூராக்கம்பி பதில்:

ஸ்ட்ரா சரி. ஆனா வழுக்கி மேல போறேன்னு கள்ளக்குரலுக்குப் பழகிடக் கூடாது. சன்னமா, காத்தா ஒரு குரல் வரும். அதுலயே மேல்ஸ்தாயி முழுக்கப் பாடி முடிச்சுடுவாங்க, கர்நாடக சங்கீதத்துல அது எடுபடாது.

குரல்நாண் பதில்:

பாடும்போது வேண்டாம், பயிற்சியில் வந்தால் தவறில்லை. நாணை நீட்டும் தசைக்கு அதுதான் வேலை. கள்ளக்குரலே வராத ஆண் குரல் பெரும்பாலும் மேலே இறுக்கிப் பிடிக்கிற குரல்தான்.

மிக்ஸர்மேசை பதில்:

கரோக்கியில பாடுறவங்களுக்கு மட்டும் நாலு வார்த்தை.

ப்ளூடூத் ஹெட்போன் போட்டுப் பாடாதீங்க. சத்தம் காதுக்கு வர்றதுக்குள்ள வினாடியில பத்துல ஒரு பங்கு, சில சமயம் அதுக்கு மேலயும் தாமதம் ஆகுது. நீங்க அதைக் கேட்டுப் பாடுவீங்க, பதிவுல உங்க குரல் தாளத்துக்குப் பின்னாடி இழுக்கும். "தாளம் நிக்கலை"ன்னு கவலைப்படுற பாதிப் பேருக்கு ஹெட்போன்தான் வில்லன். ஒயர் வெச்சது போடுங்க, ஒரு காதுல மட்டும். இன்னொரு காது திறந்து இருக்கட்டும்.

ட்ராக்கோட சுருதியை மாத்துங்க. பல ஆப்ல "கீ"ன்னு ஒரு பட்டன் இருக்கு. மைனஸ் 2 வெச்சா ஒரு முழுக்கட்டை இறங்கும். எவ்வளவு இறக்கணும்னு பல்லவியைப் பாடிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. சரணத்துல இருக்கிற உச்சத்தைக் கண்டுபிடிச்சு, அந்த ஒரு வரியைப் பாடிப் பார்த்து முடிவு பண்ணுங்க. மைனஸ் 4-க்குக் கீழ போனா ட்ராக் சேறு மாதிரி ஆயிடும், அந்தப் பாட்டு உங்களுக்கு ஆகாதுன்னு விட்டுடுங்க.

எக்கோவை முழுசா அணைச்சுட்டுப் பழகுங்க. எக்கோ இருந்தா எல்லாரும் நல்லாத்தான் பாடுவோம். பதிவு பண்ணும்போது போனை ஒரு அடி தள்ளி, வாய்க்கு நேரா இல்லாம கொஞ்சம் பக்கவாட்டுல வையுங்க. முதல் தடவை கேட்கும்போது "இது என் குரலா"ன்னு இருக்கும். பேசும்போது நம்ம குரல் எலும்பு வழியாவும் காதுக்குள்ள வர்றதால கனமா கேட்கும், பதிவுல அது இல்லை. அந்த ஒல்லிக் குரல்தான் மத்தவங்க கேட்கிறது.

மொட்டைமாடி பதில்:

எல்லாருக்கும் நன்றி. கீபோர்டு வெச்சுப் பார்த்தேன். கீழே 4½ கட்டை வரைக்கும் தெளிவா நிக்குது. அலை நிக்கிறது அஞ்சாவது நாள்தான் புரிஞ்சுது.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ட்யூனர் ஆப்ல பார்த்தா ஸா, பா ரெண்டும் பச்சை காட்டுது. ஆர்வத்துல காந்தாரமும் பாடிப் பார்த்தேன். தம்பூராவோட சேர்ந்தமாதிரி கேட்குது, ஆனா ஆப் "கீழே"ன்னு சிவப்பு காட்டுது. எதை நம்புறது? ரெண்டு, வாத்தியார் இல்லாம எவ்வளவு தூரம் போகலாம்? ஆன்லைன் வகுப்பு சரிப்படுமா?

தம்பூராக்கம்பி பதில்:

4½-லேருந்து அஞ்சு எண்ணினா 5, 5½, 6, 6½, 7. உங்க சுருதி 7 கட்டை, அதாவது 1 கட்டைக்கு அரைக்கட்டை கீழே. பெட்டியில கீழ்ஸ்தாயி 7 வைக்கணும், மேல இருக்கிற 7 இல்லை.

காந்தாரத்துல காதை நம்புங்க. ஆப் கீபோர்டை வெச்சு அளக்குது. கீபோர்டுல ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்கா வெட்டியிருக்காங்க. ஒரு பங்குக்கு 100 சென்ட், அந்தர காந்தாரம், அதாவது மேல இருக்கிற காந்தாரம், ஸா-வுலேருந்து 400. தம்பூராவோட ஒட்டி நிக்கிற காந்தாரம் ஸா-வுக்கு நாலுக்கு அஞ்சுங்கிற விகிதம், அது 386-ல விழும். 14 சென்ட் கீழே. ஆப்புக்கு அது தப்பு, தம்பூராவுக்கு அதுதான் சரி. நல்லா சுருதி கூட்டின தம்பூராவுல மந்தரக் கம்பியை, அதாவது கீழ் ஸா கம்பியை, மீட்டி அது அடங்குற வரைக்கும் காது கொடுத்தா, யாரும் மீட்டாத காந்தாரம் ஒண்ணு தானா மேல எழும்பும். அதைக் கேட்டுட்டீங்கன்னா அப்புறம் ஆப் தேவைப்படாது. பா-வுக்கு வித்தியாசம் 2 சென்ட்தான், அதனாலதான் பச்சை காட்டிச்சு. ட்யூனரை ஸா, பா-வுக்கு மட்டும் வெச்சுக்குங்க.

அடுத்து மாயாமாளவகௌளை ராகத்துல சரளி வரிசை. இதுல ரி ஸா-வை ஒட்டி, த பா-வை ஒட்டி உட்காரும். ம காந்தாரத்தை ஒட்டி, மேல் ஸா நி-யை ஒட்டி. ரி-யிலேருந்து க-வுக்குப் பெரிய தாவல். சினிமாப் பாட்டு கேட்டே பழகின காது ரி-யை ஒரு படி தூக்கிப் பாடிடும். அப்ப கீழ்ப்பாதி சங்கராபரணம்ங்கிற வேற ராகம் மாதிரி ஆகிடும், ராகம் போச்சு. ஸா-ரி-ஸா, ஸா-ரி-ஸான்னு அது மட்டும் நூறு தடவை. ரி-யைப் பாடிட்டு ஸா-வுக்குத் திரும்பும்போது கால் சறுக்காம ஒட்டினா ரி சரியான இடத்துல இருந்திருக்குன்னு அர்த்தம்.

மெட்ரோநோமை 60-ல வெச்சா முதல் காலத்துல, அதாவது முதல் வேகத்துல, அடிக்கு ஒரு ஸ்வரம். ஸா-லேருந்து மேல் ஸா வரை 8 வினாடி, ஒரே மூச்சு. அது ஆடாம வந்தப்புறம் ரெண்டாம் காலம், அடிக்கு ரெண்டு. மூணாம் காலத்துக்கு அவசரப்படாதீங்க. வேகத்துல தப்பு மறைஞ்சுக்கும். ஸ்வரமா ஒரு தடவை, அகாரமா, அதாவது வெறும் "ஆ"ன்னு, ஒரு தடவை. அகாரத்துல வாய் ரெண்டு விரல் நிக்கிற அளவுக்குத் திறந்திருக்கணும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தொண்டையில "ஹ" தட்டாதீங்க. ஆ-ஹா-ஹான்னு வந்தா ஒட்டு விட்டுப் போச்சுன்னு அர்த்தம்.

அரை மணியை இப்படிப் பிரிச்சுக்கலாம்: ஸ்ட்ரா 3 நிமிஷம், கார்வை 7, சரளி 10, மிச்சம் 10 பாட்டு. பாட்டுல முழுசா பாடாதீங்க, இறங்குற அந்த ரெண்டு வரியை மட்டும். வாரம் ஒரு தடவை ஒரு பரீட்சை: சுருதி போட்டு ஸா பிடிச்சுட்டு பெட்டியை அணைச்சுடுங்க. ஒரு சரணம் முழுக்கப் பாடி, முடிவுல ஸா-வுல நின்னுக்கிட்டே பெட்டியைப் போடுங்க. எவ்வளவு இறங்கியிருக்கீங்கன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி தெரியும். தினம் விடாம செஞ்சா மூணு மாசத்துல அந்த இடைவெளி குறையறது உங்க காதுக்கே கேட்கும். கமகம் (ஸ்வரத்தை அசைச்சுப் பாடுறது), பிருகா (வேகமா உருட்டிப் பாடுறது) எல்லாம் தனியா வராது, அதுக்கு ஆள் வேணும்.

ஆன்லைன் வகுப்பு சரிப்படும், ஆனா சேர்ந்து பாட முடியாது. சத்தம் போய் வர தாமதம் ஆகும். அவர் பாடி நிறுத்தணும், நீங்க திருப்பிப் பாடணும். ரெண்டு பக்கமும் தனித்தனியா சுருதி ஓடணும்.

மிக்ஸர்மேசை பதில்:

அதுக்கு முன்னாடி ஜூம்ல இரைச்சல் குறைப்பை அணைக்கணும். "ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்"னு ஆடியோ செட்டிங்ல இருக்கும், அதைப் போடுங்க. இல்லேன்னா தம்பூராவை மின்விசிறிச் சத்தம்னு நினைச்சு அது வெட்டிடும். அப்புறம் நீங்க சேர்ந்து பாடினாலும் வாத்தியாருக்குத் தெரியாது.